50 கெஜத்தில் பெஞ்ச் மேல் வைத்துச் சுட்டும் .22 குரூப் சுருங்க மாட்டேன் என்கிறது

தோட்டா_தேடி (ஹூஸ்டன்)

எல்லோருக்கும் வணக்கம். தப்பான பிரிவில் போட்டிருந்தால் நிர்வாகி நகர்த்திவிடுங்கள்.

என்னிடம் இருப்பது போல்ட் ஆக்‌ஷன் .22 ரைபிள். கனத்த பேரல், மரத்தில் ஸ்டாக் (அடிக்கட்டை), 4-16 மடங்கு ஸ்கோப். சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே உள்ள ரேஞ்சுக்குப் போய், கான்கிரீட் பெஞ்சில் வைத்து 50 கெஜத்தில் சுடுகிறேன். முன்னால் முக்காலி ரெஸ்ட், அதன் மேல் ஒரு மணல் பை. பின்னால் பழைய துண்டு ஒன்றை மடித்து வைத்துக்கொள்கிறேன். தோட்டா, கடையில் 500 எண்ணிக்கைப் பெட்டியாகக் கிடைக்கும் மலிவான ஹை வெலாசிட்டி ரகம்.

மூன்று மூன்றாகச் சுடுகிறேன். ஒரு குரூப் (மிகத் தூரத்தில் உள்ள இரண்டு ஓட்டைகளின் இடைவெளி) 0.4 அங்குலம் வரும், 'அடடா' என்று நினைத்தால் அடுத்தது 1.1. அப்புறம் 0.5, அப்புறம் திடீரென்று 1.5. பக்கத்து பெஞ்சில் ஒருவர் பேரலை மாற்றச் சொன்னார். இன்னொருவர் ட்ரிக்கரை. மூன்றாமவர் பெட்டி 20 டாலர் மேட்ச் (போட்டிக்கான) தோட்டா வாங்கச் சொல்லிவிட்டு என் தோட்டாப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டில் கணக்குக் கேட்பதற்குள் எதில் பணம் போட வேண்டும் என்று தெரிந்தால் நல்லது.

---

மணல்மூட்டை (ஓஹையோ)

எதிலும் போடாதீர்கள். இப்போதைக்கு.

ஓட்டைகள் எப்படி விழுந்திருக்கின்றன என்று சொல்லுங்கள். குரூப்பின் அளவைச் சொல்லிவிட்டு உருவத்தைச் சொல்லாமல் விட்டால் யாராலும் உதவ முடியாது. மேலும் கீழுமா, இடம் வலமா, வட்டமா, இரண்டு கொத்தாகவா? முன் பை ஸ்டாக்கின் எந்த இடத்தில் படுகிறது? ஸ்டாக்கில் பெல்ட் மாட்டும் ஸ்டட் இருக்கிறதா? ஆக்‌ஷன் திருகுகளை (போல்ட் ஓடும் இரும்புப் பகுதியை ஸ்டாக்கோடு பிணைப்பவை) கடைசியாக எப்போது தொட்டீர்கள்?

---

தோட்டா_தேடி (ஹூஸ்டன்)

நன்றி அண்ணே. பழைய டார்கெட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் மேலும் கீழுமாகத்தான் நீள்கிறது. 1.5 வந்தவற்றில் இரண்டு ஓட்டை ஒட்டிக்கொண்டிருக்கும், மூன்றாவது அதற்கு நேர் மேலே தனியாக நிற்கும். ஸ்டட் இருக்கிறது, பைக்குக் கொஞ்சம் முன்னால். திருகைத் தொட்டதே இல்லை.

---

மணல்மூட்டை (ஓஹையோ)

சரி, இப்போது பேசலாம்.

உயரவாக்கில் நீளும் குரூப்புக்கு பெஞ்சில் முதல் சந்தேகம் பின்பக்கத் தாங்கலின் மேல்தான். மடித்த துண்டு ஒவ்வொரு ஷாட்டுக்கும் கொஞ்சம் நசுங்கும், திரும்ப எழும்பாது. நீங்கள் தோளால் தள்ளிச் சரிசெய்வீர்கள். கிராஸ்ஹேர் புள்ளியில்தான் நிற்கும், ஆனால் துப்பாக்கி அங்கே தானாக நிற்பதில்லை, நீங்கள் பிடித்து நிறுத்தியிருக்கிறீர்கள். ட்ரிக்கர் விழும் நேரத்தில் அந்தப் பிடி கொஞ்சம் தளரும். .22 குண்டு மெதுவாகப் போவது, சென்டர்பயரை (தோட்டா அடியின் நடுவில் ஊசி அடிக்கும் பெரிய ரகம்) விடக் குழலுக்குள் அதிக நேரம் இருக்கும். அதற்குள் துப்பாக்கி அசைந்தால் காகிதத்தில் தெரிந்துவிடும்.

வாங்குவதானால் ஒரு பின் பை வாங்குங்கள். முயல் காது மாதிரி இரண்டு காது எழும்பியிருக்குமே, அது. மணல் இறுக்கி நிரப்பியது. ஸ்டாக்கின் அடி அந்தக் காதுகளுக்கு நடுவே உட்கார வேண்டும். இடது கையால் பையைப் பிடித்து, இறுக்கிப் பிழிந்தால் குறி இறங்க வேண்டும், விட்டால் ஏற வேண்டும். தோளால் குறி பார்க்கும் வேலையே இருக்கக் கூடாது. கையைத் துப்பாக்கியிலிருந்து எடுத்துவிட்டாலும் கிராஸ்ஹேர் புள்ளியிலேயே நின்றால் அமைப்பு சரி.

அதைச் சோதிக்க ஒரு வழி. துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பாருங்கள், ரேஞ்ச் ஆபீசரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்கோப்பை 16-இல் வைத்து வெற்றாக ட்ரிக்கரை இழுங்கள். ரிம்பயரில் (.22 மாதிரி, தோட்டா அடியின் விளிம்பில் ஊசி அடிக்கும் ரகம்) தோட்டா உட்காரும் அறை காலியாக இருக்கும்போது ஊசி அடித்தால் சில துப்பாக்கிகளில் அறையின் விளிம்பு கெடும், அதனால் ஸ்னாப் கேப் (போலித் தோட்டா) போட்டுக்கொள்ளுங்கள். 'டிக்' என்ற அந்த நொடியில் கிராஸ்ஹேர் எங்கே குதிக்கிறது என்று பாருங்கள். மேலே குதித்தால் கன்னம் ஸ்டாக்கை விட்டு எழும்புகிறது அல்லது பின் பை இளகுகிறது. பக்கவாட்டில் குதித்தால் விரல். குதிக்கவே இல்லை என்றால் நீங்கள் என்னை விட நல்ல சுடுநர்.

ஸ்டட் விஷயம். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது ஸ்டட் பையின் முன் விளிம்பில் இடிக்கும். ஒரு ஷாட்டுக்கு இடிக்கும், அடுத்ததற்கு இடிக்காது. நீங்கள் சொல்லும் இரண்டு கொத்து அங்கிருந்தும் வரலாம். கழற்றி விடுங்கள்.

முன் பை ஸ்டாக்கைத்தான் தாங்க வேண்டும், பேரலை அல்ல. உங்களுடையது சரியாகத்தான் இருக்கிறது போல. பை எந்த இடத்தில் படுகிறதோ அங்கே ஸ்டாக்கில் ஒரு சிறு டேப் ஒட்டி, ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதே இடத்துக்குத் தள்ளி வையுங்கள். போல்ட்டைத் தூக்கும்போது துப்பாக்கியைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.

அடுத்து திருகு. ஒரு டாலர் நோட்டை பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே செருகி ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள். எங்காவது சிக்கினால் பேரல் மரத்தைத் தொடுகிறது. அப்புறம் ஆக்‌ஷன் திருகுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் திருகுசாவி) கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். மர ஸ்டாக்கில் ஈரப்பதம் மாற மாற இறுக்கம் மாறும், ஹூஸ்டனில் அதற்குக் குறைவே இல்லை. ஸ்கோப் வளையத் திருகுகளையும் அப்படியே.

கடைசியாக பாரலாக்ஸ், கண் நகர்ந்தால் குறியும் நகர்வது போலத் தெரிவது. துப்பாக்கியைப் பையில் விட்டுவிட்டு, தொடாமல், கண்ணை மட்டும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கிராஸ்ஹேர் புள்ளியின் மேல் நகர்ந்தால் ஃபோகஸ் திருகியைத் திருப்பி நகராத இடத்தில் விடுங்கள். அதில் அச்சடித்திருக்கும் 50 என்ற எண்ணை நம்ப வேண்டாம், கண்ணை நம்புங்கள். அந்தத் திருகியே இல்லாத ஸ்கோப் என்றால், சென்டர்பயர் ஸ்கோப்புகளை 100 கெஜத்துக்கு அமைத்திருப்பார்கள், ரிம்பயர் ஸ்கோப்புகளை 50-க்கு.

---

யாழ்_ஒன்ராறியோ (ரொறன்ரோ பக்கம்)

மணல்மூட்டை அண்ணை சொன்னது எல்லாம் சரி. ஆனால் 'எதிலும் பணம் போடாதே' என்றதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். தோட்டாவை மாற்றாமல் பையை மாற்றி என்ன பயன்?

கணக்கைப் பாருங்கோ. மலிவான ஹை வெலாசிட்டி ரகம் வாய்முனையில் வினாடிக்கு 1250 அடி வேகத்தில் கிளம்பும் என்று வைப்போம். அந்தப் பெட்டிகளில் 10 தோட்டாவுக்குள்ளேயே 60, 70 அடி வித்தியாசம் வருவதை குரோனோகிராபில் (வேகம் அளக்கும் கருவி) அடிக்கடி கண்டிருக்கிறன். 50 கெஜத்துக்குள் குண்டு விழும் தூரம் மூன்று அங்குலத்துக்கு மேல். வேகம் 5 சதவீதம் மாறினால் விழும் தூரம் 10 சதவீதம் மாறும். ஆக 0.3 அங்குலம் மேலும் கீழுமாக, நீங்கள் ஒரு பிழையும் விடாமல் சுட்டாலும் வரும். 100 கெஜத்தில் அதுவே ஒரு அங்குலத்தைத் தாண்டும்.

அது மட்டும் இல்லை. சாதாரண வெப்பநிலையில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1125 அடி அளவில். ஹை வெலாசிட்டி குண்டு கிளம்பும்போது அதற்கு மேலே, 50 கெஜத்தை எட்டும்போது அதை ஒட்டி வந்து நிற்கும். அந்த எல்லையில் குண்டுக்குக் காற்றின் தடை கூட. அதனால்தான் வேகமான தோட்டா குறுக்குக் காற்றில் மெதுவான தோட்டாவை விடக் கூடுதலாகத் தள்ளுப்படும். கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் உண்மை. 1070 அடியில் வரும் 40 கிரெய்ன் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி ரகம் கிளம்பும்போதே ஒலிக்குக் கீழே. விலையும் அப்படி ஒன்றும் கூட இல்லை. மேட்ச் தோட்டா வேண்டாம், முதலில் இதில் நாலைந்து தயாரிப்புகளை ஒவ்வொரு பெட்டி எடுங்கோ.

ஒன்று மறக்க வேண்டாம். ஒவ்வொரு தயாரிப்புக்கும் குண்டின் மேல் பூசிய மெழுகு வேறு. தோட்டா மாற்றியதும் முதல் 10, 20 ஷாட் எங்கே போனாலும் கணக்கில் எடுக்க வேண்டாம். குழல் புது மெழுகுக்குப் பழக வேணும். கலந்து கலந்து சுட்டால் எந்தத் தோட்டா நல்லது என்று கடவுளுக்கும் தெரியாது.

---

புள்ளியியல்_பித்தன் (பெங்களூரு)

நான் பெஞ்சில் உட்கார்ந்து சுடுகிறவன் இல்லை. கோடை விடுமுறையில் 50 மீட்டர் ப்ரோன் (படுத்துச் சுடுவது) கொஞ்சம் சுட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் இங்கே மூன்று ஷாட் குரூப் என்று பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

குண்டுகள் நடுவைச் சுற்றி இயல்பாகச் சிதறுகின்றன, ஒரு திசையில் அந்தச் சிதறலின் அளவு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகத் தூரத்தில் உள்ள இரண்டு ஓட்டைகளுக்கு இடையே சராசரித் தூரம்:

3 ஷாட்: 2.4
5 ஷாட்: 3.1
10 ஷாட்: 3.8
20 ஷாட்: 4.5

துப்பாக்கி, தோட்டா, ஆள், பெஞ்ச் எதுவும் மாறவில்லை. ஷாட் எண்ணிக்கையைக் கூட்டினாலே குரூப் பெருக்கிறது. மூன்று ஷாட்டில் அரை அங்குலம் என்று பெருமைப்படுகிறவர் 10 ஷாட்டில் சராசரியாக 0.8 சுடுவார். அவர் பொய் சொல்லவில்லை, சின்னக் கரண்டியால் அளந்திருக்கிறார்.

இதைவிட முக்கியம், மூன்று ஷாட் குரூப்பின் ஆட்டம். சராசரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அங்கும் இங்கும் ஆடும். சராசரி 0.75 உள்ள துப்பாக்கி ஒரே நாளில் 0.4-ம் காட்டும், 1.1-ம் காட்டும். தேடியார் சொன்ன 0.4, 1.1, 0.5 மூன்றும் என் கண்ணுக்கு ஒரே எண்தான். அதில் 0.4 வந்த பெட்டியை 'நல்ல லாட்' (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) என்று எடுத்து வைப்பது லாட்டரிச் சீட்டு வாங்குகிற கதை.

ஆனால் 1.5 வேறு விஷயம். அது சராசரியின் இரு மடங்கு. ஒரு தடவை வந்தால் தற்செயல் எனலாம். திரும்பத் திரும்ப, அதுவும் இரண்டு ஓட்டை ஒட்டி ஒன்று நேர் மேலே என்று ஒரே உருவத்தில் வந்தால் எங்கோ ஏதோ தளர்ந்திருக்கிறது. இதில் மணல்மூட்டை ஐயா பக்கம் நான்.

இனி 10 ஷாட் சுடுங்கள். முடிந்தால் ஒவ்வொரு ஓட்டையும் நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி எடுங்கள். மிகத் தூரமான இரண்டு ஓட்டையை மட்டும் அளந்தால் மீதி எட்டு தோட்டாக் காசை வீணாக்கியதாக ஆகிறது.

---

மணல்மூட்டை (ஓஹையோ)

பித்தன் தம்பி சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெஞ்ச்ரெஸ்ட் (பெஞ்சில் வைத்துச் சுடும்) போட்டிக்காரர்கள் ஐந்து ஷாட்டிலேயே பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. ஒரு குரூப்பை வைத்து யாருக்கும் கோப்பை கிடையாது, ஐந்து குரூப்பின் சராசரிதான் கணக்கு. 25 ஷாட் ஆகிவிடுகிறதே.

ஒற்றைக் குரூப் சாதனைப் பட்டியலில்தான் வரும். மேக் மெக்மிலன் 1973-இல் 100 கெஜத்தில் ஐந்து ஷாட்டை 0.009 அங்குலத்தில் போட்டார். நாற்பது வருஷம் யாரும் அதைத் தொடவில்லை. 2013-இல் மைக் ஸ்டின்னெட் 0.0077 போட்டார். அந்த அளவில் காகிதத்தில் தெரிவது ஒரே ஓட்டை, உருப்பெருக்கி வைத்துத்தான் அளக்க முடியும். அவர்களிடம் கேட்டாலும் அன்று காற்றும் ஒத்துழைத்தது என்றுதான் சொல்வார்கள்.

.22-வில் பேரல் அவ்வளவாகச் சூடாகாது, 10 ஷாட் தாராளமாகச் சுடலாம். மெல்லிய பேரல் சென்டர்பயர் வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரே மூச்சில் 10 போட வேண்டாம். நாலாவது ஷாட்டிலிருந்து குரூப் ஒரு பக்கமாக நடக்க ஆரம்பித்தால் அது சூடு. ஆறவிட்டு, ஒரே டார்கெட்டில் சேர்த்துக்கொண்டே போங்கள்.

---

கொங்குக்குறி (கோவை)

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது ஸ்ப்ரிங் ஏர் ரைபிள், .177. மேலே சொன்ன மாதிரியே முன்னால் பை, பின்னால் பை, இறுக்கிப் பிடித்துச் சுட்டேன். கையில் பிடித்துச் சுட்டதை விட மோசமாக வருகிறதுங்க. 20 மீட்டரில் கை நல்லா இருக்கு, பெஞ்ச் மோசம். இது எப்படி?

---

யாழ்_ஒன்ராறியோ (ரொறன்ரோ பக்கம்)

ஸ்ப்ரிங் துப்பாக்கிக்கு இந்த இழையில் சொன்னதில் பாதி பொருந்தாது தம்பி. கனமான பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும், பிஸ்டன் முனையில் போய் முட்டும்போது துப்பாக்கி முன்னால் தள்ளும். இந்த இரண்டும் நடக்கும்போது பெல்லட் இன்னும் குழலை விட்டு வெளியே வரவில்லை. இறுக்கிப் பிடித்தாலோ, கெட்டியான பையில் அமுக்கினாலோ அந்த ஆட்டம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகத் தடைப்படும்.

பையை பெஞ்சில் வையுங்கோ, உங்கள் இடது உள்ளங்கையை அந்தப் பையின் மேல் மலர்த்தி வையுங்கோ, துப்பாக்கி உள்ளங்கையில் சும்மா கிடக்கட்டும். தோளில் லேசாகத் தொட்டால் போதும். உள்ளங்கை ட்ரிக்கர் கார்டுக்கு முன்னாலா, இன்னும் முன்னே தள்ளியா என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பாருங்கோ, ஒரு இடத்தில் சட்டென்று சுருங்கும். காற்றுத் தொட்டி வைத்த பிசிபி ரகத்துக்கு இந்த வில்லங்கம் இல்லை, அதைப் பையில் வைத்தே சுடலாம்.

---

கொங்குக்குறி (கோவை)

அட, உள்ளங்கை வேலை செய்யுதுங்க! இப்போதுதான் மொட்டைமாடியில் சுவருக்கு முன்னால் தடுப்பு வைத்துச் சுட்டுப் பார்த்தேன். நன்றி அண்ணா.

---

கொடிபார்ப்பவன் (சான் அன்டோனியோ)

இத்தனை பேர் பேசியும் காற்றை யாரும் தொடவில்லையே. யாழ் அண்ணன் மட்டும் ஒரு வரி சொன்னார்.

50 கெஜத்தில் காற்றா என்று கேட்பவர்கள் டெக்சாஸ் பக்கம் வந்து பார்க்கட்டும். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று ஸ்டாண்டர்ட் .22 குண்டை 50 கெஜத்தில் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் தள்ளிவிடும். பாதி காற்று, பாதி அங்குலம். பெஞ்சுக்கும் டார்கெட்டுக்கும் நடுவே குச்சி நட்டு சர்வே டேப்பைக் கட்டித் தொங்கவிட்டால் போதும், செலவு இரண்டு டாலர். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் குச்சியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அங்கே வளைந்த பாதை மீதி தூரம் முழுக்க விலகிக்கொண்டே போகும்.

இன்னொன்று. தேடியார் 'மேலும் கீழும்' என்கிறார். முழுக்கச் செங்குத்தா, கொஞ்சம் சாய்வா என்று பாருங்கள். வலது முறுக்குப் பேரலில் (குண்டை வலப்பக்கமாகச் சுழற்றும் பேரல்) காற்று வலமிருந்து வந்தால் குண்டு இடப்பக்கம் மட்டும் போகாது, கொஞ்சம் மேலேயும் ஏறும். இடமிருந்து வந்தால் வலப்பக்கம் போய்க் கொஞ்சம் கீழே இறங்கும். கடிகாரத்தில் 10-க்கும் 4-க்கும் கோடு போட்ட மாதிரி குரூப் சாய்ந்து படுத்தால் பையையும் திருகையும் குறை சொல்ல வேண்டாம், அது காற்று.

காற்றைத் துரத்தாதீர்கள். டேப் அடிக்கடி எந்த நிலையில் நிற்கிறதோ அதைத் தேர்ந்துகொண்டு, அந்த நிலை திரும்பி வரும்போது மட்டும் ட்ரிக்கரை இழுங்கள். நடுவில் காத்திருப்பது போரடிக்கும். காத்திருப்பதுதான் இந்த விளையாட்டே.

உங்கள் ஊர்ச் சங்கதி ஒன்று. 1980-களில் ஹூஸ்டனில் பெரிய கிடங்கு ஒன்றுக்குள் பெஞ்ச்ரெஸ்ட் ஆட்கள் இரவில் போய் 100 கெஜத்தில் சுட்டார்கள். காற்றே கிடையாது, மிராஜும் (கானல்) கிடையாது. காற்று இல்லையென்றால் எல்லாத் துப்பாக்கியும் ஒரே ஓட்டை போடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சிலவே போட்டன. மீதித் துப்பாக்கிகளுக்கு இத்தனை நாளும் காற்றுதான் சாக்காக இருந்திருக்கிறது. கொடி நட வேண்டும் என்று சொல்லும் நானே இதையும் சொல்கிறேன்.

---

தோட்டா_தேடி (ஹூஸ்டன்)

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை போய் வந்தேன்.

ரேஞ்சுக்குப் போகும் முன்பே வீட்டில் டாலர் நோட்டைச் செருகினேன், சிக்கவில்லை. ஆனால் பின் ஆக்‌ஷன் திருகு, ட்ரிக்கர் கார்டுக்குப் பின்னால் உள்ளது, விரலாலேயே கால் சுற்று திரும்பியது! இரண்டையும் கையேட்டு அளவுக்கு இறுக்கினேன். ஸ்டட்டைக் கழற்றினேன், அதன் கழுத்தில் பையின் துணி உரசிய வெள்ளைத் தடம் இருந்தது. காது வைத்த பின் பை வாங்கினேன், மணல் நிரப்பியது, ஏழு பவுண்டு. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி இரண்டு தயாரிப்பு. நாலு குச்சி, ஆரஞ்சு டேப்.

10 ஷாட் குரூப்புகள்:

பழைய ஹை வெலாசிட்டி: 1.05, 0.98, 1.12
ஸ்டாண்டர்ட், முதல் தயாரிப்பு: 0.66, 0.71, 0.62
ஸ்டாண்டர்ட், இரண்டாவது: 0.94, 0.80, 0.89

தனியாக மேலே போய் நிற்கும் ஷாட் ஒன்றுகூட இல்லை. வெற்றாகச் சுட்டுப் பார்த்தபோது கிராஸ்ஹேர் கொஞ்சம் வலப்பக்கம் குதிக்கிறது. மணல்மூட்டை அண்ணே, அது விரல்தானே?

---

மணல்மூட்டை (ஓஹையோ)

விரல்தான். வலது கைக்காரர் என்றால் விரல் நுனியை ஒட்டி மட்டும் ட்ரிக்கரில் வையுங்கள், கட்டைவிரலைக் கழுத்தைச் சுற்றிப் பிடிக்காமல் பக்கவாட்டில் மேலே கிடத்துங்கள். இறுக்கிப் பிடித்த கட்டைவிரல்தான் பாதி நேரம் துப்பாக்கியைத் திருப்பும். ட்ரிக்கர் விழுந்ததும் விட்டுவிடாதீர்கள், இழுத்தபடியே பிடித்து, ஸ்கோப்பில் ஓட்டை தெரியும் வரை கன்னத்தை எடுக்காதீர்கள்.

முதல் தயாரிப்பின் மூன்று குரூப்பும் 0.62-க்கும் 0.71-க்கும் நடுவே வந்திருப்பதைப் பாருங்கள். எனக்கு 0.62-ஐ விட அந்த நெருக்கம்தான் பிடித்திருக்கிறது.

---

யாழ்_ஒன்ராறியோ (ரொறன்ரோ பக்கம்)

1.05-லிருந்து 0.66. தோட்டாவை மாற்றியதால். நான் ஒன்றும் சொல்லவில்லை.

---

மணல்மூட்டை (ஓஹையோ)

மூன்று ஷாட்டில் 1.5 போன அதே மலிவுத் தோட்டா, 10 ஷாட்டில் சராசரியாக 1.05-இல் நிற்கிறது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

---

புள்ளியியல்_பித்தன் (பெங்களூரு)

இரண்டு பேரும் சொல்லாமல் இருப்பதே நல்லது. தேடியார் திருகு, ஸ்டட், பை, காற்றுக் குச்சி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டார். தனியே நின்ற ஷாட் எதனால் போனது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. தோட்டா ஒப்பீடு மட்டும் சுத்தமாக இருக்கிறது, மற்ற எல்லாமே அன்று ஒன்றாக இருந்ததால்.

தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், திருகு இறுகியே இருக்கட்டும், ஸ்டட்டை மட்டும் திரும்ப மாட்டிப் பத்துப் பத்தாகச் சுடுங்கள். அப்புறம் ஸ்டட்டைக் கழற்றித் துண்டை வையுங்கள். ஆசை இல்லாவிட்டால் விடுங்கள், குரூப் சுருங்கிவிட்டதே.

அளக்கும்போது ஒன்று. வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து குண்டின் விட்டம் 0.224-ஐக் கழித்திருப்பீர்கள். காகிதத்தில் ஓட்டை குண்டை விடச் சின்னதாகத்தான் கிழியும். அதே காகிதத்தில் தனி ஷாட் ஒன்று போட்டு, அதன் கறுப்பு வளையத்தை அளந்து அந்த எண்ணைக் கழித்தால் இன்னும் சரியாக வரும்.

---

தோட்டா_தேடி (ஹூஸ்டன்)

ஆசை இருந்தது. ஸ்டட்டை மாட்டிச் சுட்டேன், அதே 0.66 தோட்டாவில்: 0.70, 0.95, 0.68. நடுவில் உள்ள 0.95-இல் ஒரு ஷாட் மேலே. துண்டை வைத்துச் சுட்டது 0.97, 0.90, 1.04. மேலும் கீழும் நீளமாக, ஆனால் தனியே நிற்கும் ஷாட் இல்லை. திருகை மறுபடி தளர்த்திப் பார்க்க மனசு வரவில்லை.

---

புள்ளியியல்_பித்தன் (பெங்களூரு)

போதும். நீளத்துக்குத் துண்டு காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம். மேலே போகும் ஷாட்டில் ஸ்டட்டுக்குப் பங்கு இருக்கலாம், ஒரே ஒரு ஷாட்டை வைத்து அதற்கு மேல் நான் பேச மாட்டேன். திருகு இன்னும் சந்தேகப் பட்டியலில்தான்.

---

தோட்டா_தேடி (ஹூஸ்டன்)

இப்போது வேறு பிரச்சினை. கடையில் அந்த முதல் தயாரிப்பில் எனக்குக் கிடைத்த அதே லாட் எண்ணில் 500 தோட்டா அட்டைப்பெட்டி மூன்று மட்டும் இருக்கிறது. மற்றது எல்லாம் புது லாட். மூன்றையும் எடுத்துவிடலாமா? ஒரே தயாரிப்புதானே, லாட் மாறினால் அவ்வளவு மாறுமா?

---

யாழ்_ஒன்ராறியோ (ரொறன்ரோ பக்கம்)

இன்றைக்கே எடுங்கோ. ரிம்பயரில் நாமாகத் தோட்டா நிரப்பிச் சரிசெய்ய வழியில்லை, தொழிற்சாலை தந்ததுதான். அதனால் பெரிய போட்டிக்காரர்கள் செய்வதே லாட் தேடுவதுதான். தோட்டா தயாரிக்கும் லாப்புவா நிறுவனத்துக்கு இதற்கென்றே சோதனை நிலையம் இருக்கிறது, அமெரிக்காவில் அரிசோனா மேசாவிலும் ஓஹையோ மரெங்கோவிலும். துப்பாக்கியைக் கொண்டு போனால் ஆக்‌ஷனை இரும்புத் தாங்கியில் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டு, எது உங்கள் பேரலுக்குப் பொருந்துகிறது என்று காட்டுவார்கள். மணல்மூட்டை அண்ணைக்கு மரெங்கோ பக்கம்தானே?

குளிர் காலத்தில் மட்டும் திரும்பச் சோதியுங்கோ. இங்கே உறைபனியில் மெழுகு இறுகி, ஓகஸ்ட்டில் நல்லாகச் சுட்ட லாட் ஜனவரியில் முகத்தைத் திருப்பும். ஹூஸ்டனில் அந்தக் கவலை குறைவு.

---

மணல்மூட்டை (ஓஹையோ)

பக்கம்தான், போயிருக்கிறேன். எனக்குப் பிடித்த லாட்டை விட்டு வேறொன்றைக் கணினி தேர்ந்தெடுத்தது, வாங்கிக்கொண்டு வந்தேன்.

தேடி, மூன்று பெட்டியையும் எடுங்கள். ஒன்றைப் பயிற்சிக்கு, இரண்டை ஏ.ஆர்.ஏ. (ரிம்பயர் பெஞ்ச்ரெஸ்ட்) போட்டிக்கு. உள்ளூர் கிளப்பில் நடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 50 கெஜம், ஒரு அட்டையில் 25 புள்ளி, புள்ளிக்கு ஒரே ஷாட், ஒவ்வொன்றுக்கும் 100 வரை, மொத்தம் 2500. குரூப் சுடுவது மாதிரி முந்தின ஓட்டையைப் பார்த்து ஆறுதல் அடைய அங்கே முடியாது.

---

தோட்டா_தேடி (ஹூஸ்டன்)

எடுத்துவிட்டேன், மூன்றும். கடைசிக் கேள்வி: புது லாட்டுக்கு முன் பேரலைச் சுத்தம் செய்ய வேண்டுமா? சிலர் .22-வைத் தொடவே கூடாது என்கிறார்கள்.

---

கொடிபார்ப்பவன் (சான் அன்டோனியோ)

குரூப் நன்றாக இருக்கும் வரை தொடாதீர்கள். காரணமில்லாமல் விரிய ஆரம்பித்தால் அறைக்கு முன்னால் சேரும் கார்பன் வளையத்தை மட்டும் சால்வெண்ட் (கரைப்பான்) ஊறவிட்டு எடுங்கள். பின் பக்கத்திலிருந்து, போர் கைடு (சுத்தம் செய்யும் கம்பியை நேராக வழிநடத்தும் குழாய்) வைத்து. அப்புறம் 20 ஷாட் கணக்கில் சேர்க்காமல். ஞாயிறு நான் ஹூஸ்டன் பக்கம் வருகிறேன், குச்சிகளை எடுத்து வாருங்கள், என்னிடம் டேப் நிறைய இருக்கிறது.